நாலு வரி கழற்றிய புகைக்கூடு

தம்பிமாரே, போன மேசன்மார் கூட்டத்தில் என்னை எழுப்பி நாலு வார்த்தை கதைக்கச் சொன்னீர்கள். நான் எழுந்தேன். மேசையில் இருந்த தண்ணீரைக் குடித்தேன். திரும்ப உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். ஆட்கள் முன்னால் எனக்கு நாக்கு எழும்பாது. இருபத்தெட்டு வருடம் சாரத்தில் நின்று கல் வைத்தேன். முழங்கால் விட்டுப் போனதால் இறங்கிவிட்டேன். எட்டாம் வகுப்பு வரை படித்த எழுத்து மட்டும் மிச்சம் இருக்கிறது. அதனால் எழுதித் தருகிறேன்.

கல் வைக்கும் விதமும் கலவையின் அளவும் இதில் இல்லை. அதை உங்கள் கை இப்போதே அறியும். அறியாவிட்டாலும் ஒரு வருடத்தில் அறிந்துகொள்ளும். நான் சொல்லப் போவது ஒரு பழைய வீட்டில் அடுப்புப் புகை போகும் புகைக்கூட்டைப் பற்றி. அதைக் குறைப்பதா, திருத்துவதா என்று நான் முடிவு சொல்ல வேண்டியிருந்தது. நான் சொன்ன முதல் முடிவு பிழை. அந்தப் பிழையோடு இரண்டு நாள் வேலையும் செய்தேன்.

சூறாவளி அடித்த இரண்டாம் வருடம் அது. உங்களில் பலர் அப்போது பிறக்கவில்லை. அந்தக் காற்றுக்குப் பிறகு நம் கரையோர ஊர்களில் உயரமான எதைக் கண்டாலும் ஆட்களுக்குப் பயம். தப்பி நின்ற தென்னைகளைக்கூட வெட்டினார்கள். மதில்களைக் குறைத்தார்கள். மேல்மாடி கட்ட நினைத்தவர்கள் நினைப்பையே விட்டார்கள். எனக்கு வந்த வேலையில் பாதி கட்டுகிற வேலை அல்ல, குறைக்கிற வேலை. வயது இருபத்தாறு. சொந்தமாக வேலை பிடிக்கத் தொடங்கி ஒரு வருடமும் ஆகவில்லை.

ஆதம்பாவா காக்கா என்னைக் கூப்பிட்டது கச்சான் காற்று ஓயும் நாட்களில். மேற்கேயிருந்து காய்ந்து வீசும் அந்தக் காற்று நின்றால், கொஞ்ச நாளில் கடல் பக்கமிருந்து வாடையும் மழையும் வந்துவிடும். மூன்று கிழமை, இருபது நாள் இருக்கும் என்று எல்லோரும் கணக்குப் போட்டிருந்தோம். நாவிதன்வெளிப் பக்கம் வயல் உள்ளவர், அதனால் ஊருக்குப் போடியார்; மூத்தவர் என்பதால் எனக்குக் காக்கா. நல்ல மனிதர், அதிகம் கதைக்கமாட்டார். வீடு அவருடைய மனைவி ஹாஜரா ராத்தாவுக்குத் தாய் வீட்டார் கொடுத்தது. நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆனால் வெளியில் எவரும் ஹாஜராவின் வீடு என்று சொல்வதில்லை. ஆதம்பாவாவின் வீடு என்றுதான் சொல்வோம். நானும் அப்படியே நினைத்துக்கொண்டு போனேன்.

வீட்டின் பின்னால், கடல் பக்கமாக, சமைக்கும் குசினி. அதன் கூரை தாழ்வு. குசினிக்கு மேற்கே வீட்டின் பெரிய கூரை. குசினியின் கடைசிச் சுவரிலிருந்து எழுந்த புகைக்கூடு இரண்டு கூரையையும் தாண்டி, பெரிய முகட்டுக்கு மேலும் ஓர் ஆள் உயரம் நின்றது. பழைய சுண்ணாம்புக் கட்டு. கடலைப் பார்த்துச் சற்றே சாய்ந்திருந்தது, யாரோ கூப்பிட்டதைக் கேட்டுத் தலையைத் திருப்பியது போல.

“மேசன், இது விழுமா, விழாதா?” என்று கேட்டார் காக்கா.

தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். நாலு விரல் சாய்வு. மேற்குப் பக்கம், ஓட்டுக்குச் சற்று மேலே ஒரு வெடிப்பு.

“உள்ளுக்கும் ஒருக்காப் பாத்தா நல்லம், காக்கா.”

“உள்ள பொம்புளயள் சமைக்கிறாங்க. நீ வெளியால பாத்தது போதும்தானே?”

“ஓம், போதும்.”

அந்தப் “போதும்” இருக்கிறதே, அதுதான் பிழை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெண்கள் அரை மணித்தியாலம் முன் அறைக்குப் போயிருப்பார்கள். எல்லா வீட்டிலும் அப்படிச் செய்வதுதான். ஆனால் எனக்குக் கூச்சம். திரைச்சீலைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டாலே என் காது சூடேறும். உள்ளே போக வேண்டாம் என்று அவர் சொன்னதும் மனதில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நான் வேலை தெரிந்தவனின் தீர்மானம் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலிக்கு அப்பால், பக்கத்து வளவிலிருந்து மீராலெப்பை மாமா எட்டிப் பார்த்தார். அவருடைய கிடுகுக் கூரை புகைக்கூட்டுக்கு ஆறு அடி தள்ளி. சூறாவளியில் சுவர் விழுந்து அவருடைய மனைவிக்குக் கால் முறிந்தது; அந்தப் பெண் அப்போதும் நொண்டித்தான் நடந்தார்.

“என்ன மேசன், பாத்தா போதுமா? விழுந்தா உங்கட வளவுக்குள்ளதான் விழும் எண்டு எழுதித் தருவீங்களா ரெண்டு பேரும்?”

நான் காக்காவைப் பார்த்தேன். காக்கா என்னைப் பார்த்தார்.

“குறைச்சிடுவம், காக்கா. குசினிக் கூரைக்கு மேல மூணு அடி விட்டாப் போதும்” என்றேன்.

“அப்ப செய்” என்றார்.

இவ்வளவுதான் நடந்தது. ஒரு தேத்தண்ணீர் ஆறுவதற்குள் முடிவு எடுத்துவிட்டோம்.

மறுநாள் கமுக மரத்தால் சாரம் கட்டினோம். எனக்குக் கலவை குழைத்தவர் காரைதீவுக் கணபதி அண்ணன். நாங்கள் மேலே வேலை செய்வதால் குசினி அடுப்பை மூட்ட வேண்டாம் என்று சொன்னோம். வளவில் ஒரு தகரக் கொட்டிலில் சமையல். அன்று பின்னேரத்துக்குள் கூட்டின் தலைக் கட்டையும் நாலு வரி கல்லையும் கழற்றிக் கீழே இறக்கினேன். கல் ஒவ்வொன்றும் முழுசாக, மணி போலச் சத்தமிட்டு வந்தது. இவ்வளவு நல்ல கல்லைக் கழற்றுகிறேனே என்று ஒரு தரம் நினைத்தேன். நினைத்துவிட்டு அடுத்த கல்லைத் தட்டினேன்.

இரண்டாம் நாள், நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன். கணபதி அண்ணன் தண்ணீர் அள்ளப் போயிருந்தார். நான் மேலே தனியாக. தம்பிமாரே, உயரத்தில் தனியாக நிற்கும் அந்த வேளை உங்களுக்கும் வரும். ஊர் முழுவதும் காலடியில் கிடக்கும். ஆனால் யாருடைய ஊர் என்று தெரியாது. கிழக்கே கடல், சத்தமில்லாமல், நீலத் துணி காயப் போட்டது மாதிரி. நடுவில் தலையில்லாத தென்னைகள், ஆயிரக்கணக்கில், கரிக்கட்டையால் கோடு போட்ட மாதிரி. மேற்கே மாவடிப்பள்ளி வயல்கள் வெட்டி முடித்து மஞ்சளாகக் கிடந்தன; அவற்றின் மேல் வெயில் தண்ணீர் போல அசைந்தது. காற்று ஒரு மூச்சு வரும், ஒரு மூச்சு நிற்கும். நான் கூட்டின் விளிம்பில் கை வைத்திருந்தேன். கல் இளஞ்சூடாக இருந்தது.

அப்போது கூடு மூச்சுவிட்டது.

மெல்லிய விசில் மாதிரி ஒரு சத்தம். இழுத்து, நின்று, பிறகு இழுத்து. வெடிப்புக்குள் காற்று போகிறது என்று நினைத்தேன். ஆனால் காற்று நின்ற வேளையிலும் அது நிற்கவில்லை. குனிந்து கூட்டின் வாயில் காதை வைத்தேன். கரி வாசமும் குளிர்ச்சியும் முகத்தில் அடித்தன. அடியில், கிணற்றின் அடியில் தெரிவது போல, ஒரு சிறு வெளிச்சம்.

“உம்மா, நம்மட அடுப்ப எப்ப மூட்டுற?” பெண் பிள்ளைக் குரல். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் அந்த விசில்.

“மேசன் எறங்கின பொறகு மகள். கதையாத. மூச்ச வாங்கு.”

எனக்குப் புரிந்தது. காக்காவின் மகள் ஸித்திக்குத் தொய்வு, மூச்சு இழுக்கும் நோய். ஊருக்கே தெரியும், எட்டு வயதுக்குள் இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடியிருக்கிறார்கள். கொட்டிலில் எரிகிற புகை வளவெல்லாம் சுற்றி வீட்டுக்குள் போகிறது. புகை இல்லாத ஒரே இடம், தீ மூட்டாத அந்த அடுப்பு மேடை. தாய் பிள்ளையை அங்கே கொண்டுவந்து உட்கார்த்தி முதுகைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

“எறங்கின பொறகு புகை வராதா?”

தாய் சொன்னார்: “கூட்டக் கட்டையாக்கினா பொறகு கச்சானுக்கு எல்லாம் உள்ளதான் வரும். பெரிய கூரைக்கு மேலால வாற காத்து அமத்தும். உம்மா வேற எடத்தில சமைப்பன். நீ பயப்பிடாத.”

பெண்கள் கதைப்பதை ஒளிந்து கேட்பது சரியில்லை. நான் இருப்பதைத் தெரிவிக்க வேண்டும் என்று செருமினேன். கீழே எல்லாம் நின்றது. விசில் மட்டும்.

“மேல இரிக்கிறது மேசனா, காகமா?”

“மேசன்தான், ராத்தா.”

“அப்ப காதும் இரிக்கும். எத்தன வரி கழட்டியாச்சு?”

“நாலு.”

“இன்னும் எத்தன?”

“இருவது வரும்.”

“என்னத்துக்குக் கழட்டுற?”

முகம் தெரியாத இடத்தில் எனக்கு நாக்கு எழும்பியது. எனக்கே ஆச்சரியம். “சாஞ்சிரிக்கி, ராத்தா. சூறாவளி சாச்சிட்டு.”

கீழே அவர் சிரித்தார். சந்தோஷத்தில் சிரித்த சிரிப்பல்ல. “நான் தொட்டில்ல கிடக்கக்குள்ளயே இது கடலப் பாத்துத்தான் நிண்ட எண்டு எங்கட உம்மா சொல்லுவா. சூறாவளி சாச்சதாம். தம்பி, சூறாவளிக்குக் கூரை முழுக்கப் போனப்போ நாங்க எங்க இரிந்த தெரியுமா? இந்த அடுப்பு மேடையில, இந்தக் கூட்டுக்குள்ளதான். அவரும் நானும், புள்ளைய நடுவில வச்சிக்கிட்டு. தலைக்கு மேல இது ஊளையிட்டுக்கிட்டு நிண்ட. ஒரு கல்லு விழல்ல.”

“அப்ப இந்த வெடிப்பு?”

“அது புதுக் கூரை போட்ட பொறகு. கச்சான் அடிச்சா கூரை முனகும். முனகினா மறுகா கல்லுத்தூள் விழும், சட்டிக்குள்ள. மழைக்கு விழாது. கூரை முனகினாத்தான் விழும்.”

நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். நாலு வரி கழற்றியும் இப்படி ஒன்றை நான் யாரிடமும் கேட்கவில்லை.

“காக்காட்டச் சொல்லல்லயா?”

“பத்துத் தரம் சொன்ன. சோத்துக்குள்ள கல்லுக் கிடந்தா அரிசியச் சரியா அரி எண்டார்.”

பிள்ளை சிரிக்கப் பார்த்து இருமியது. இருமல் நிற்க நேரம் எடுத்தது. அந்த இருமல் குழாய் வழியே ஏறி என் முகத்துக்கு வந்தது. நான் விலகவில்லை.

“ராத்தா, நான் உள்ள வந்து ஒருக்காப் பாக்கோணும்.”

“அவர் வயலுக்குப் போயிட்டார். அவர் வந்த பொறகு வாங்க.” பிறகு, குரலைத் தாழ்த்தி: “தம்பி, நான் சொன்ன எண்டு சொல்லாதீங்க. நீங்க கண்டதெண்டு சொல்லுங்க. அப்பத்தான் அவருக்கு ஏறும்.”

நான் இறங்கி, குசினிக் கூரையில் கூட்டின் மேற்குப் பக்கம் எட்டு ஓடுகளைத் தூக்கினேன். கை போட்டதும் தெரிந்துவிட்டது. சூறாவளிக்குப் பிறகு கூரை போட்டவர்கள் பெரிய கூரையோடு பிணைத்த குசினி முகட்டு வளை மரத்தைக் கொஞ்சம் நீளமாக விட்டு, அதன் நுனியைக் கூட்டின் கல்லுக்குள்ளேயே செருகி ஆப்பு அடித்திருந்தார்கள். பழைய கூரைக்கு இரண்டு விரல் இடைவெளி இருந்த தடம் பக்கத்திலேயே கிடந்தது. காற்று பெரிய கூரையை அசைக்கும்போதெல்லாம் அந்த வளை ஆட்டுக்கடா மாதிரிக் கூட்டின் இடுப்பில் முட்டியிருக்கிறது. அங்கே கல் கல்லாக இல்லை. விரலால் கிள்ளினேன்; மா மாதிரி உதிர்ந்தது.

கழற்றிய நாலு வரியும் அந்தக் கூட்டின் நல்ல பகுதி. விட்டுவைக்க நினைத்த பகுதிதான் கெட்ட பகுதி. நான் சொன்னபடி குறைத்திருந்தால், மூன்றடிக் கட்டை ஒன்று உடைந்த இடுப்போடு நிற்கும். வளை தொடர்ந்து முட்டும். ஒரு நாள் அது அடுப்புக்கு முன்னால் நிற்கிறவரின் தலையில் உள்பக்கமாக விழும். அதுவரை புகை அந்தப் பிள்ளையின் நெஞ்சுக்குள் போய்க்கொண்டிருக்கும். வெளியில் நின்று பார்ப்பவர்களுக்கு நல்ல பாதுகாப்பான வேலை என்று தோன்றியிருக்கும்.

கணபதி அண்ணன் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். வாளியைக் கீழே வைத்தார். “பொம்புள ஒருத்தியோட கதைக்கிறதுக்கு உனக்கு இருவது அடிக் குழாய் தேவைப்பட்டிரிக்கி” என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, “போடியார்ட்ட என்ன சொல்லப் போறாய்?” என்று கேட்டார்.

நான் கழற்றிய ஓடுகளை ஓரமாக அடுக்கத் தொடங்கினேன்.

பின்னேரம், அசறுத் தொழுகைக்குப் பிறகு காக்கா வந்தார். கடல் பக்கம் வானத்தின் அடியில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. மீராலெப்பை மாமா ஏற்கெனவே வேலியில் நின்றார்.

“என்ன மேசன், கூரையக் கழட்டியிரிக்கி? கூட்டக் கழட்டச் சொன்னா கூரையக் கழட்டுறான்” என்றார் மாமா.

தம்பிமாரே, கல் விழுகிற நேரத்தில் ஒதுங்கத் தெரியும். அது உடம்பு செய்யும் வேலை. ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, முந்தநாள் சொன்னது பிழை என்று இன்று சொல்வதற்கு உடம்பு உதவாது.

“காக்கா, நான் சொன்னது பிழை. கூட்டக் குறைக்கக் கூடாது.”

“முந்தநாள் நீதானே குறைச்சிடுவம் எண்ட?”

“ஓம். பாக்காமச் சொன்ன. இண்டைக்குப் பாத்த.” அவரை வரச் சொல்லி வளையின் நுனியைக் காட்டினேன். “கச்சானுக்குக் கூரை முனகுதுதானே. முனகக்குள்ள இது முட்டுது. முட்டினா உள்ளுக்குக் கல்லுத்தூள் விழும். மழைக்கு விழாது.”

காக்கா வளையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

“நீயா கண்ட?”

“ஓம்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். “செய்யோணும் எண்டா என்ன செய்யோணும்?”

“வளைக்குக் கீழ மட்டும் எறக்கி, வளைய வெட்டி விலக்கி, இதே கல்லால இதே உசரத்துக்குத் திரும்பக் கட்டோணும். பத்து நாள்.”

“மழை முந்தினா?” என்றார் மாமா. “பாதியில நிண்டா என்ட கூரைக்கு மேலதானே? வாப்பா, எல்லாரும் குறைக்கிற காலத்தில இவன் கூட்டுறான். விழாது எண்டு சத்தியம் பண்ணுவியா?”

நான் மாமாவைப் பார்த்தேன். அவருக்குப் பின்னால், வாசலில், அவருடைய மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய பயம் பொய்ப் பயம் அல்ல.

“விழாது எண்டு சத்தியம் பண்ண மாட்டன், மாமா. அல்லாஹ்தான் அறிவான். ஆனா குறைச்சா விழும் எண்டு சொல்லுவன். அது நிச்சயம். மழை முந்தினா எந்த வரியில நிக்கிறனோ அதில நிப்பாட்டி, சுத்திவரச் சாரத்தோட இறுக்கிக் கட்டி விடுவன். உங்கட பக்கம் ஒரு கல்லு வந்தா நான் வந்து உங்கட வளவில நிப்பன்.”

“நிண்டு?”

“நிண்டு ஏச்சு வாங்குவன்.”

கணபதி அண்ணன் சிரித்துவிட்டார். மாமாவுக்கும் வாய் கோணியது. காக்கா மட்டும் சிரிக்கவில்லை. “செய்” என்றார், முதல் நாள் சொன்ன அதே மாதிரி.

அந்தப் பத்து நாள் வேலையை எழுதத் தேவையில்லை. ஒன்று மட்டும். உள்ளே போய்த்தான் வேலை செய்தேன். பெண்கள் முன் அறைக்குப் போனார்கள். ஒருவருக்கும் ஒரு குறையும் வரவில்லை. அடுப்பு மேடையில் நின்று அண்ணாந்து பார்த்தபோது, கரிக்குழாயின் நுனியில் சதுரமாக ஒரு வானம் தெரிந்தது. நடுப்பகலில், மிகத் தொலைவில், யாரோ மறந்து விட்டுப் போன ஒரு நீலக் கல் மாதிரி. சூறாவளியன்று அந்த மூன்று பேரும் அங்கே குந்தியிருந்ததை நினைத்தேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கணபதி அண்ணன் இரண்டு தரம் கூப்பிட்டிருக்கிறார்.

புது வரிகளை நேராகக் கட்டினேன். அடி பழைய சாய்வு, தலை நேர். ஊரில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, “மேசன் கூட்டுக்குக் கழுத்தச் சுளுக்கி விட்டுட்டான்” என்றார்கள். கடைசி வரி வைத்து மூன்றாம் நாள் மழை தொடங்கியது. அடுத்த வெள்ளிக்கிழமை வாடை எழும்பியது.

ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தால் பள்ளிவாசல் முற்றத்தில் ஆட்களின் தொப்பிகள் பறக்கின்றன. நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே அங்கே போனேன். மீராலெப்பை மாமா மனைவியையும் பிள்ளைகளையும் தெரு ஒழுங்கைக்கு எதிர்ப்புறம் உள்ள வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் தலையில் சாக்கோடு நின்றார். இன்னும் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். கடலின் இரைச்சல் ஒழுங்கை வரை கேட்டது. நான் சொன்ன சொல்லுக்காக மாமாவின் வளவுக்குள் போய் வேலியோரம் நின்றேன். யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

காற்று ஒவ்வொரு தரமும் வந்து கூட்டில் மோதியது. மழை அதைச் சுற்றி வெள்ளைத் துணி மாதிரி சுழன்றது. சில வேளை கூடு மறைந்தே போனது. பிறகு திரும்ப வந்து நின்றது. நான் கூரையின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். முனகல் வந்தது. ஆனால் இடையில் இரண்டு விரல் இடைவெளி இருக்கிறது என்பதை என் நெஞ்சு நம்ப மறுத்தது.

அப்போது கூட்டின் வாயிலிருந்து புகை வந்தது.

ஹாஜரா ராத்தா அடுப்பை மூட்டிவிட்டார். அந்த வேளையில், அதன் அடியில் நின்று. யாரும் அவரை மூட்டச் சொல்லவில்லை. புகை தலைக்கு மேல் எழும்பி, காற்று பிடித்ததும் மேற்கே வயல் பக்கம் வளைந்து பறந்தது. ஒரு நூல்கூட வளவுக்குள் இறங்கவில்லை.

மாமா தலையிலிருந்த சாக்கை எடுத்துப் பிழிந்தார். “கண்ணு இரிக்கிற மேசன்தான் எங்கட ஊரிலயும் இரிக்கான்” என்றார் பக்கத்தில் நின்றவரிடம், எனக்குக் கேட்கும்படி.

அந்த வார்த்தை எனக்கு நல்லதாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சுட்டது. காக்கா குடையைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். நான் கிட்டப் போனேன்.

“காக்கா, அண்டைக்கு நான் கண்ட எண்டது பொய். கண்டது நானில்ல. ராத்தாதான் சொன்னவ. கூட்டுக்குள்ளால.”

அவர் குடையைத் தாழ்த்தினார். எனக்குப் பயம்தான். அவருடைய மனைவியோடு கதைத்தேன் என்று சொல்லிக்கொண்டு நிற்கிறேன்.

“தெரியும்” என்றார். “முனகுது எண்டு நீ சொன்னாய்தானே. இந்த ஊரில கூரை முனகும் எண்டு சொல்றவ ஒருத்திதான். மழைக்கு விழாது எண்டும் சொன்னாய். அதும் அவட கதை, ஒரு எழுத்து மாறாம.”

“அப்ப அதுக்கு மேல ஏன் கேக்கல்ல?”

அவர் கூட்டைப் பார்த்தார். “என்னத்தக் கேக்கிற? அவ பத்துத் தரம் எனக்குச் சொன்னா. எனக்குக் கேக்கல்ல. நீ ஒரு தரம் சொன்னாய். கேட்டிச்சு. அதுக்குப் பொறகு நான் ஆரக் கேக்கிற, தம்பி?”

அவர் குடையை என் கையில் தந்துவிட்டு, மழையில் நனைந்துகொண்டு வளவைக் கடந்து போனார். முன் வாசலுக்குப் போகவில்லை. குசினி வாசலில் போய் நின்றார், வேறு வீட்டு ஆள் போல, நிலையில் கை வைத்துக்கொண்டு. உள்ளே அவர் என்ன சொன்னாரோ, ராத்தா என்ன சொன்னாரோ எனக்குக் கேட்கவில்லை. கேட்க நான் முயலவும் இல்லை. குனிந்து உள்ளே போவதை மட்டும் கண்டேன்.

தம்பிமாரே, அந்தக் கூட்டினால் எனக்குப் பிறகு நிறைய வேலை வந்தது. கண் இருக்கிற மேசன் என்று பெயர் வந்தது. காக்காவிடம் சொன்னதை ஊரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது எழுதுகிறேன். நீங்கள் ஒரு வீட்டுக்குப் போனால் வெளியில் நிற்கிறவரோடு கதையுங்கள், அது மரியாதை. ஆனால் தீர்மானத்தை அவரோடு முடித்துவிட்டு வராதீர்கள். தீ மூட்டுகிறவர் யார், தண்ணீர் ஊற்றுகிறவர் யார், அந்தச் சுவருக்குப் பக்கத்தில் படுக்கிறவர் யார் என்று கேளுங்கள். கூச்சமாக இருந்தால் கதவுக்கு வெளியே நின்று கேளுங்கள். எனக்கு ஒரு புகைக்கூடு வாய்த்தது. எல்லா வீட்டிலும் அது வாய்க்காது.

அன்று நான் உடனே போகவில்லை. மற்றவர்கள் கலைந்து போன பிறகும் காக்காவின் குடையோடு அந்த வேலியோரம் நின்றேன். காற்று ஒரு தரம் ஓய்ந்தது. குசினிப் பக்கமிருந்து ஸித்தி குர்ஆன் ஓதுகிற சத்தம் வந்தது. நான் மூச்சுக்கு மூச்சு அந்த விசிலை எதிர்பார்த்து நின்றேன். நீட்டி ஓத வேண்டிய இடம் வந்தது. பிள்ளை நீட்டினாள், நீட்டினாள், நான் இதற்கு மேல் முடியாது என்று நினைத்த இடத்தையும் தாண்டி நீட்டி, முடித்து, அடுத்த ஆயத்துக்குப் போனாள்.